பவளப்பாறைக்கு ஏற்ற ஈட்டித் துப்பாக்கி: ஒரு வடிவமைப்புப் பாடம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் கடலுக்கடியில் மீனைக் குத்தும் கருவிக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைக் கண்டவுடன் நீங்கள் வினவக்கூடும். நியாயமான வினாதான். எனக்கு நீச்சலே அரைகுறை. இருந்தாலும், ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, அப்பாடத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அண்மையில் தெளிவாகக் காட்டிய பொருள் இந்த ஈட்டித் துப்பாக்கிதான். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

என் அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் நகரில் பணியாற்றுகிறான். அந்நகருக்கு எதிரே கடலில் விரிந்து கிடப்பது உலகப் புகழ்பெற்ற பெருந்தடுப்புப் பவளத்திட்டு. மூச்சை அடக்கி மூழ்கி, ஈட்டியால் மீன்பிடிப்பது அவ்வட்டாரத்தில் பலருடைய ஓய்வுநாள் பொழுதுபோக்கு. நண்பர்களோடு ஈராண்டு பழகியபின், தனக்கென ஒரு துப்பாக்கியைத் தேக்கு மரத்தில் தன் கையாலேயே செய்துகொள்ள விரும்பினான். வரைபடம் ஒன்றை எனக்கு அனுப்பி, “அத்தை, கணக்கெல்லாம் சரியா என்று பாருங்கள்” என்றான். 130 சென்டிமீட்டர் நீளத் தண்டு, மூன்று சோடி ரப்பர், 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈட்டிக் கம்பி. ஏதோ ஒரு காணொளியில் பார்த்த கருவியின் அளவுகளாம்.

அதே வாரத்தில் அண்ணனும் அழைத்தார். “நீ சொன்னால் கேட்பான் அம்மா. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு.” அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால், இருபத்தாறு வயது இளைஞனிடம் வேண்டாம் என்று சொல்வது எளிது. அச்சொல் நிற்குமா என்பதுதான் ஐயம். ஆகவே, வகுப்பில் மாணவர்களிடம் கேட்கும் மூன்று கேள்விகளை அவனிடமும் கேட்டேன். எங்கே பயன்படுத்தப் போகிறாய்? எந்த மீனுக்கு? எவ்வளவு தூரத்திலிருந்து?

கருவியின் அமைப்பு

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் துப்பாக்கி என்றாலும் இதில் வெடிமருந்து இல்லை. உண்டிவில்லும் அம்பும் சேர்ந்த ஒரு கருவி என்று கொள்ளலாம். நீண்ட தண்டு ஒன்று. அதன் பின்புறம் கைப்பிடியும் விரலால் இழுக்கும் சுடுவிசையும். தண்டின் மேல் எஃகுக் கம்பி ஒன்று கிடக்கும். அதுதான் ஈட்டி. தண்டின் முகப்பில் கட்டிய ரப்பரைப் பின்னோக்கி இழுத்துக் கம்பியின் வெட்டுப்பள்ளத்தில் மாட்டுவார்கள். சுடுவிசையை இழுத்ததும் ரப்பர் சுருங்கிக் கம்பியை முன்னோக்கி உந்தும். கம்பியின் முனையருகே மடக்குமுள் ஒன்றுண்டு. மீனுக்குள் புகும்போது மடங்கியிருந்து, வெளியே இழுக்கும்போது விரிந்து பிடித்துக்கொள்ளும். கம்பியைத் தண்டோடு ஒரு கயிறு இணைக்கும்.

அழுத்திய காற்றால் இயங்கும் வகையும் உண்டு. குட்டையாக இருந்தும் வலுவாகச் சுடும். ஆனால் அதன் அடைப்பு வளையங்களை இடையறாது பராமரிக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் செய்வோர் ரப்பர் வகையையே நாடுகின்றனர்.

நீளத்தை முடிவு செய்வது கடல்

கடைக்குச் செல்லும் புதியவர் முதலில் கேட்பது, “எது அதிக தூரம் போகும்?” என்பதாம். பவளப்பாறையில் இக்கேள்வி பொருந்தாது. அங்கே மீன் திறந்த வெளியில் நிற்பதில்லை. பாறை இடுக்கிலும் குகை வாயிலிலும் மறைந்து மறைந்து தோன்றும். நீண்ட தண்டை நீருக்குள் பக்கவாட்டில் திருப்புவது, நீளமான விறகுக்கட்டையைக் குறுகிய வாசலில் நுழைப்பது போன்றது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது அல்லவா? தண்டின் நீளம் கூடக்கூடத் திருப்பும் சிரமமும் கூடும்.

பொதுவாகக் குகைகளுக்கும் இடுக்குகளுக்கும் 75 சென்டிமீட்டர் போதும். கலங்கலான கரையோர நீருக்கு 90. தெளிந்த நீருள்ள வெளித்திட்டுகளுக்கு 100 முதல் 110. அதற்கு மேற்பட்டவை, குறிப்பாக 120-ஐத் தாண்டியவை, திறந்த கடலில் விரையும் பெருமீன்களுக்கானவை. என் மருமகன் செல்வதோ பவளத்திட்டுக்கு. அவன் நாடுவதோ அங்கே ‘கோரல் டிரவுட்’ எனப்படும் சிவப்புக் கெராப்பு. அம்மீனை அவன் நெருங்கும் தூரம் மூன்று மீட்டர் அளவே என்று அவனே சொன்னான். அப்படியானால் 130 சென்டிமீட்டர் எதற்கு? தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “100 போதும் அத்தை” என்றான்.

ரப்பர்: நம் பாட்டன் பாட்டி அறிந்த பால்

இக்கருவியின் ஆற்றல் முழுவதும் ரப்பரில் இருக்கிறது. அதுவும் இயற்கை ரப்பர், பால்மரத்துப் பால். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து தொடங்கி மலாயா முழுவதும் பரவிய அம்மரத்தை, விடியுமுன் தலைவிளக்கோடு சென்று சீவியவர்கள் நம் முன்னோர். என் பாட்டியும் அவர்களில் ஒருவர். அந்தப் பாலின் நீட்சிக் குணத்தை அவருடைய கொள்ளுப்பேரன் ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டுக் கொண்டிருக்கிறான் என்று எண்ணியபோது எனக்கு ஒரு நெகிழ்ச்சி ஏற்பட்டது உண்மை.

நிற்க. கம்பிச்சுருளை இழுத்தால், ஓர் எல்லைவரை, விசைக்கேற்ற அளவில் அது சீராக நீளும். ரப்பர் அவ்வாறன்று. தொடக்கத்தில் சற்று முறுக்கிக்கொள்ளும். இடையில் இணங்கி நீளும். இறுதியில் திடீரென இறுகிவிடும். அனுபவமுள்ளோர் ரப்பரை அதன் இயல்பு நீளத்தைப்போல் மூன்று முதல் மூன்றரை மடங்குவரை மட்டுமே இழுக்கும்படி வெட்டுகின்றனர். 20 சென்டிமீட்டர் ரப்பர் 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீளலாம் என்று பொருள். அதற்கு மேல் இழுத்தால் கைக்குச் சிரமம் மிகுதி; ரப்பரின் ஆயுளும் குறையும். இழுத்து மாட்டியபடியே நெடுநேரம் வைத்திருந்தாலும் அது தளர்ந்து ஆற்றலை இழக்கும். வெயிலும் எண்ணெய்ப் பசையும் அதற்குப் பகை. கரையேறியதும் நன்னீரில் கழுவி நிழலில் வைக்க வேண்டும்.

கால் பங்கு கூடினால் ஒன்றரை மடங்கு

இப்பகுதி கணித ஆசிரியர்களுக்கு. 16 மில்லிமீட்டர் ரப்பருக்கும் 20 மில்லிமீட்டர் ரப்பருக்கும் உள்ள வேறுபாடு கால் பங்குதான். ஆனால், குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பரப்பும், அதனோடு இழுவிசையும், ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவே கூடிவிடுகின்றன.

ஈட்டிக் கம்பிக்கும் இதே கணக்கு. 130 சென்டிமீட்டர் நீளமுள்ள 6.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியின் எடை ஏறத்தாழ 340 கிராம். அதே நீளத்தில் 8 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 510 கிராம். பார்வைக்குச் சிறு வேறுபாடு. கையில் எடுத்தால் பெரு வேறுபாடு.

கனமான கம்பி பெருமீனின் தடித்த உடலைத் துளைக்கும். ஆனால் அதை விரைந்து செலுத்த ரப்பர் மிகுதியாக வேண்டும். ரப்பர் மிகுந்தால் பின்னுதைப்பு மிகும். முன்னே பாயும் கம்பிக்கு ஈடாகத் தண்டு பின்னே உதைக்கும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. உதைப்பில் முகப்பு மேலெழும்ப, குறி தப்பும். அதைத் தடுக்கத் தண்டைக் கனமாக்க வேண்டும். கனமாக்கினால் திருப்புவது கடினம். இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது. நீரின் தடையோ வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், ரப்பரை இரட்டிப்பாக்கினாலும் பாயும் தூரம் இரட்டிப்பாவதில்லை.

பவளப்பாறையில் வலு மிகுந்தால் வேறொரு தீங்கும் உண்டு. மீனைத் துளைத்த கம்பி நிற்காமல் சென்று பவளத்தில் மோதும். கம்பி வளைவதைக்கூடப் பொறுக்கலாம். பாறைபோல் திரண்டு வளரும் பவள இனங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஒரு நொடியில் உடைந்தது மீண்டு வர நெடுங்காலம் ஆகும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, 16 மில்லிமீட்டர் ரப்பர் இரண்டு சோடி, 7 மில்லிமீட்டர் கம்பி என்று முடிவாயிற்று. முனையும், பாறையில் பட்டால் எளிதில் மழுங்கும் மூன்று பட்டை வெட்டாக இல்லாமல், பென்சில் கூர்போன்ற எளிய முனை.

தேக்கும் மிதத்தலும்

தண்டை அலுமினியக் குழாயிலும் செய்யலாம், விலை குறைவு. கரிமநாரிலும் செய்யலாம், மிக இலேசு. மரம் கனமானது. அக்கனமே உதைப்பை உள்வாங்கிக்கொள்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் கடல்நீரை நன்கு தாங்குகிறது. ஒரே மரத்துண்டாக இருந்தால் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளக்கூடும். அதனால் மெல்லிய பட்டைகளாக அறுத்து, நரம்போட்டம் ஒன்றுக்கொன்று எதிராக வரும்படி வைத்து ஒட்டுகின்றனர். நேராக நில்லாத தண்டு நேராகச் சுடாது.

மிதத்தல் கணக்கை நானும் அவனும் சேர்ந்தே போட்டோம். 100 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் உயரம் என்றால் கன அளவு 1600 கன சென்டிமீட்டர். தேக்கின் அடர்த்தியை 0.65 எனக் கொண்டால் எடை 1040 கிராம். அது விலக்கும் கடல்நீரின் எடை 1640 கிராம். எனவே 600 கிராம் மேலுந்தல் கிடைக்கிறது. 140 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி நீருக்குள் ஏறத்தாழ 370 கிராம் எடையோடு கீழிழுக்கும். சுடுவிசைப் பெட்டி முதலிய உலோகங்களுக்கு 150 கிராம் ஒதுக்கினால், மீதி 80 கிராம் மேலுந்தல். அதாவது, கையில் கனக்காமல், கைவிட்டால் மெல்ல மேலெழும்.

இத்தோடு முடியவில்லை. கம்பி முகப்பைத் தாண்டி நீண்டிருப்பதால் முன்புறம் தாழும். ஏற்றப்பலகையில் முன்னால் அமர்ந்த பிள்ளையை மேலே தூக்குவது எப்படி? முன்பக்க மரத்தைச் சற்றுப் பருமனாக விட்டு, பின்பக்கத்தைச் செதுக்கினான். நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்துச் செதுக்கி, மறுபடியும் மிதக்கவிட்டு, இப்படியே மூன்று வார இறுதிகள் ஓடின. ஈட்டி பாய்ந்தபின் வெறுந்தண்டு நீர்மட்டத்துக்கு மிதந்து வர வேண்டும் என்பதும் வடிவமைப்பின் ஒரு விதியே.

கண்ணாடி காட்டும் மயக்கம்

பென்சிலை நீருள்ள குவளையில் இட்டு அது வளைந்து தெரிவதை வகுப்பில் காட்டுகிறோம். அதே ஒளிவிலகல் கடலில் மீனின் உயிரைத் தீர்மானிக்கிறது! தட்டையான முகக்கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் கால் பங்கு அருகிலும், மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தோன்றும். நான்கு மீட்டரில் உள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பதாக மயங்குவோம். 30 சென்டிமீட்டர் மீன் 40 போலத் தெரியும்.

குயின்ஸ்லாந்தில் பெரும்பாலான கோரல் டிரவுட் வகைகளுக்குக் குறைந்தபட்ச நீளம் 38 சென்டிமீட்டர். இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணை நம்பிச் சுட்டவன் கையில் வந்து சேர்வது, பிடிக்கக்கூடாத குட்டி மீன்!

தூண்டிலில் சிறுமீன் சிக்கினால் முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டுவிடலாம். ஈட்டியில் அதற்கு வழியில்லை. அழித்து எழுத முடியாத விடைத்தாள் அது. ஆகவே, இனம் எது, அளவு என்ன, ஒரே குத்தில் துன்பமின்றி உயிர் பிரியுமா என்ற மூன்றும் சுடுவிசையைத் தொடுமுன்பே தெளிவாகிவிட வேண்டும். அதற்கு நெருங்கிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. குட்டையான துப்பாக்கியின் உண்மையான சிறப்பு இதுதான். அது நம்மை அருகில் போக வைக்கிறது. எட்டாத தூரத்தில் ‘முயன்று பார்க்கும்’ ஆசையைக் கருவியே தடுத்துவிடுகிறது. நீண்ட கருவியோ, ஐயத்தோடு சுடத் தூண்டுகிறது. கருவியின் அளவைக் குறைப்பதும் வடிவமைப்புத்தான் என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அக்கடலின் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. கடல் முழுவதும் வண்ண வரைபடமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை வட்டாரத்தில் மீன்பிடித்தலே கூடாது. 2004-ஆம் ஆண்டு மறுவரையறைக்குப் பின் பவளத்திட்டுப் பூங்காவின் மூன்றிலொரு பகுதி பச்சை. மஞ்சள் வட்டாரத்தில் கட்டுப்பாட்டோடு அனுமதி. காற்றுக்கலன் சுமந்து சென்று ஈட்டியால் குத்தக் கூடாது. மூச்சடக்கி மட்டுமே செல்ல வேண்டும். மனிதரைக் கண்டு அஞ்சாது அருகே வரும் மாவோரி ராஸ், பொட்டேட்டோ காட் போன்ற பெருமீன்கள் பாதுகாக்கப்பட்டவை. சிகுவாத்தெரா நச்சு தங்கக்கூடிய ரெட் பாஸ் போன்றவற்றைப் பிடிக்கவே கூடாது. அந்நச்சு சமைத்தாலும் அழிவதில்லை.

ஆஸ்திரேலியரான ரோன் டெய்லர் 1965-ஆம் ஆண்டு தஹித்தியில் நடந்த உலக ஈட்டி மீன்பிடிப் போட்டியில் வாகை சூடியவர். பின்னாளில் கொல்லும் போட்டிகளை விட்டுவிட்டுப் படக்கருவியைக் கையில் எடுத்தார். மனைவி வேலரியோடு சேர்ந்து பவளத்திட்டின் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார். மீனை மிக அருகிலிருந்து அறிந்தவர் அவர் என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்.

அண்ணனின் அச்சம்

துப்பாக்கியைவிட நான் அஞ்சியது மூச்சைப் பற்றித்தான். மூழ்குமுன் வேகவேகமாக ஆழ்மூச்சு விட்டால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சில இளைஞர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், மூச்சுவிடத் தூண்டுவது உடலில் சேரும் கரியமிலவாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்காது. பிராணவாயு தீர்ந்துகொண்டிருப்பது தெரியாமலே, மேலே வரும் வழியில், நீர்மட்டத்துக்கு அருகிலேயே நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரர்களும் இதனால் உயிரிழந்திருக்கின்றனர்.

இதற்கு எந்தக் கருவியும் மருந்தாகாது. துணை ஒன்றே காப்பு. ஒருவர் மூழ்கினால் மற்றவர் மேலிருந்து கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். மேலே வந்தபின்னும் அரை நிமிடம் கவனிக்க வேண்டும். ஆகவே அவனிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். “இருவருக்கு ஒரே துப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் அது இருக்கும்போது மற்றவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.” அவனும் நண்பனும் அப்படியே செய்கின்றனர். கரையிலோ படகிலோ ரப்பரை இழுத்து மாட்டுவதில்லை, நீருக்குள் இறங்கியபின்தான். பாதுகாப்புப் பூட்டை நம்பி யார் பக்கமும் முனையைத் திருப்புவதில்லை. கொடி கட்டிய மிதவை இல்லாமல் இறங்குவதில்லை. இவற்றையெல்லாம் அவனே தாளில் எழுதித் தந்தைக்கு அனுப்பினான். அண்ணன் இன்னமும் முழுமனத்தோடு ஒப்பவில்லை; ஆனால் இப்போது “எத்தனை மீன்?” என்று கேட்பதற்கு முன், “யாரோடு போனாய்?” என்று கேட்கிறார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

நம் பிள்ளைகளுக்கு இக்கருவியைக் காட்ட வேண்டும் என்பதன்று என் கருத்து. நம் நாட்டில் ரெடாங், தியோமான், பாயார் போன்ற கடல்பூங்காக்களில் மீன்பிடிக்கவே தடை உண்டு. சிங்கப்பூரில் ஈட்டித் துப்பாக்கி சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஆயுதம். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாகக் கொண்டுவரும் எண்ணம் எவருக்கும் வேண்டாம்.

கருவியை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் வகுப்புக்குக் கொண்டு வரலாம். ஒரு ரப்பர் வளையம், சிறு எடைகள், அடிக்கோல் ஆகியவற்றைக் கொண்டு ரப்பரின் நீட்சியை அட்டவணையாக்கி வரைபடம் வரையச் செய்யுங்கள். நேர்க்கோடு வராதது கண்டு மாணவர்கள் வியப்பார்கள். மரத்துண்டில் ஆணிகளை ஒவ்வொன்றாகச் செருகி, நீரில் நிலைமட்டமாக மிதக்கச் செய்யும் போட்டி வையுங்கள். நான் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு இரண்டையும் செய்தேன்; மணி அடித்தபின்னும் அவர்கள் எழவில்லை.

அதோடு, எந்தப் படைப்புத்திட்டம் என்றாலும் வரையத் தொடங்குமுன் அந்த மூன்று கேள்விகளையும் எழுதச் சொல்லுங்கள். எங்கே, எதற்கு, எவ்வளவு? பிள்ளைகள் ‘பெரிது’, ‘வேகமானது’, ‘வலுவானது’ என்றே தொடங்குவார்கள். போதுமான அளவு எது என்று கண்டுபிடிக்கும்போதுதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

சென்ற மாதம் மருமகன் அனுப்பிய குறுஞ்செய்தியில் இரண்டே வரிகள். நான்கு மணி நேரம் கடலில் இருந்தார்களாம். ஒரு கெராப்பு, 51 சென்டிமீட்டர். அளவு ஐயமாக இருந்ததால் ஆறு மீன்களைச் சுடாமல் விட்டார்களாம். அந்த ஆறு மீன்களுக்காகவே அவனைப் பாராட்டிப் பதில் எழுதினேன்.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இதுபோன்ற வடிவமைப்பு முயற்சிகள் நடந்திருந்தால் எழுதுங்கள், பகிர்ந்துகொள்வோம். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை